பேரமும் பலமும்



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், நம் சகோதரர்கள் இருவருக்குள் ஒரு தர்க்கம் மூண்டது. "கையில் பலம் இருக்கிறவனுக்குப் பேச்சு எதற்கு?" என்றார் ஒருவர். "நாக்கில் சாமர்த்தியம் இருக்கிறவனுக்குப் பலம் எதற்கு?" என்றார் மற்றவர். பிறகு இருவரும் நம் பக்கம் திரும்பி, நீர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார்கள். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதியதோடு கல்லாவில் உட்கார்ந்துவிட்ட நமக்கு ராஜதந்திரம் பேசத் தகுதி உண்டா என்று சிலர் கேட்கலாம். காலை முதல் இஷா வரை பேரம் பேசுகிறவனுக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது? அன்று நேரமாகிவிட்டபடியால் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டோம். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

நம் பாட்டனார் காலத்துப் பேரேடுகள் சில இன்னும் கடையின் மேல் மாடியில் இருக்கின்றன. கரையான் தின்றது போக மிச்சம். அவற்றில் 1963-ஆம் ஆண்டுப் பேரேட்டைப் புரட்டினால், சுமத்ராவிலிருந்து பினாங்குக்கு வந்த கொட்டைப்பாக்கும் கோப்பிக்கொட்டையும் பக்கம் பக்கமாக வரவு வைக்கப்பட்டிருக்கும். செப்டம்பர் மாதத்தோடு அந்த வரவு நின்று போகிறது. அதற்குப் பின் பல தாள்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. பாட்டனார் அந்தத் தாள்களை வேறு கணக்குக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. படகு நாளைக்கே வந்துவிடும் என்று எண்ணினாரோ என்னவோ! அந்த மாதம்தான் இந்தோனேசிய அரசு மலேசியாவுடன் எல்லா வர்த்தகத்தையும் அறுத்துக்கொண்டது. சிங்கப்பூரும் அப்போது மலேசியாவுக்குள் இருந்தபடியால், இரண்டு துறைமுகங்களிலும் அடி விழுந்தது. சுமத்ரா சரக்கை நம்பியிருந்த நம்மவர் கடைகளில் சில, அந்த மூன்று வருஷத்தைத் தாண்டவே இல்லை என்று வாப்பா சொல்வார்கள்.

'கொன்ஃப்ரன்தாசி' என்று அழைக்கப்பட்ட அந்தப் பகை எப்படி முற்றியது, எப்படித் தீர்ந்தது என்பதைத்தான் நாம் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். பேரமும் பலமும் எந்த எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்பதை இதைப் போலத் தெளிவாகக் காட்டும் சரித்திரம் நம் பக்கத்தில் வேறு இல்லை. நாம் பிறப்பதற்கு முந்திய சங்கதியானாலும் அதன் நஷ்டம் நம் வீட்டுக் கணக்கில் இருக்கிறது.

மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை ஆகியவற்றை ஒன்றாக இணைக்கும் யோசனையைத் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் 1961 மே மாதம் சிங்கப்பூரில் வெளியிட்டார். (புருணை பின்னர் சேரவில்லை.) இது பிரிட்டிஷாரின் புதிய காலனி வேலை என்று இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ கருதினார். 1963 ஜனவரி 20-இல் அவருடைய வெளிநாட்டு அமைச்சர் சுபாந்திரியோ எதிர்ப்புக் கொள்கையை அறிவித்தார். ஏப்ரலில் சரவாக்கின் தெபெடு போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது.

சுகர்ணோ ஏன் அவ்வளவு துணிந்தார்? முந்திய பேரம் ஒன்றில் அவருக்குக் கிடைத்த லாபம்தான் பெருங்காரணம் என்பது நம் அபிப்பிராயம். மேற்கு இரியானை டச்சுக்காரர் விடாமல் வைத்திருந்தார்கள். சுகர்ணோ ரஷ்ய ஆயுதங்களை வாங்கிக் குவித்தார். கரையில் ஆட்களை இறக்கினார். ஊரெல்லாம் கேட்க முழங்கினார். அமெரிக்கா நடுவில் புகுந்து டச்சுக்காரரை நெருக்க, 1962 ஆகஸ்டில் நியூயார்க்கில் உடன்படிக்கை ஏற்பட்டு, 1963 மே முதல் தேதி அந்த நிலம் இந்தோனேசியாவின் கைக்கு வந்தது. ஒரு கடையில் சத்தம் போட்டு விலையை இறக்கியவன் அடுத்த கடையிலும் சத்தம் போட்டுத்தான் பார்ப்பான். அடுத்த கடைக்காரன் டச்சுக்காரனைப் போல் ஊருக்குப் புறப்படத் தயாராக இருக்கிறானா, அல்லது அங்கேயே பிறந்து வளர்ந்தவனா என்று பார்க்க மறந்துவிடுவான்.

நம் பக்கத்திலும் பிழை இல்லாமல் இல்லை. 1963 ஜூலை கடைசியில் துங்கு, சுகர்ணோ, பிலிப்பைன்ஸ் அதிபர் மகபகால் ஆகிய மூவரும் மணிலாவில் கூடினார்கள். சரவாக், வட போர்னியோ மக்களின் விருப்பத்தை ஐக்கிய நாட்டுச் சபை அறிந்து சொல்லட்டும் என்று சம்மதித்தார்கள். ஆகஸ்டு 31-இல் பிறக்க வேண்டிய மலேசியா அதற்காகத் தள்ளிப் போடப்பட்டது. சபையின் குழு விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, முடிவு எப்படியிருந்தாலும் செப்டம்பர் 16-இல் மலேசியா பிறக்கும் என்று ஆகஸ்டு 29-இல் அறிவிப்பு வெளியாகிவிட்டது. செப்டம்பர் 14-இல் வந்த அறிக்கையோ மலேசியாவுக்கு முழுக்கவும் சாதகம்! இரண்டு வாரம் வாயை மூடியிருந்தால் ஜெயம் தானாக வந்திருக்கும். தராசு முள் நிற்பதற்குள் விலையைக் கூவியதால், எடை சரியாக இருந்தும் வாங்க வந்தவன் சந்தேகப்பட இடம் கொடுத்தாயிற்று.

அதற்குப் பின் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் கொளுத்தப்பட்டது. கோலாலம்பூரில் கூட்டம் இந்தோனேசியத் தூதரகத்துக்குள் புகுந்து, சுகர்ணோவின் படத்தைக் கிழித்து, கருடச் சின்னத்தைப் பெயர்த்துத் துங்குவின் இல்லத்துக்கே தூக்கி வந்தது. ஒரு மனிதனின் பெயர்ப்பலகையைக் கழற்றி மிதித்துவிட்டு அவனிடம் பாக்கி வசூலிக்கப் போக முடியுமா?

1964-இல் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் கென்னடி வந்து சமாதானம் பேசினார். பாங்காக்கில் அமைச்சர்கள் கூடினார்கள். ஜூன் 20-இல் தோக்கியோவில் மூன்று தலைவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். ஊடுருவியவர்களை முதலில் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேசுவோம் என்றது மலேசியா. இரண்டும் கூடவே நடக்கட்டும் என்றது இந்தோனேசியா. பேச்சு ஒரே நாளில் முறிந்தது. ஆகஸ்டு 17-இல் ஜொகூரின் பொந்தியான் கரையில் சுமார் நூறு பேர் இறங்கினார்கள். செப்டம்பர் 2-இல் லாபிஸ் பக்கம் ஆகாயத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார்கள். வழக்கு ஐக்கிய நாட்டுப் பாதுகாப்புச் சபைக்குப் போயிற்று. கண்டனத் தீர்மானத்தை ஒன்பது நாடுகள் ஆதரித்தன. சோவியத் ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் அதைக் கொன்றது. "நாக்கில் சாமர்த்தியம் போதும்" என்று சொன்ன சகோதரர் இந்த ஒரு வருஷத்தைச் சற்று யோசிக்க வேண்டும். அந்த வருஷம் பேசியவர்களில் சாமர்த்தியம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. எதிரே இருந்தவருக்கு ஒரு நாள் தாமதித்தால் ஒரு நாள் நஷ்டம் என்ற நிலைமை இன்னும் வரவில்லை. ஆகவே பேச்சு பலிக்கவில்லை.

அந்த நிலைமையை உண்டாக்கியதுதான் பலம். மலாயாவும் பிரிட்டனும் 1957-இல் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கை மலேசியாவுக்கும் நீட்டப்பட்டிருந்தது. மலேசிய, பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் போர்னியோவின் நீண்ட காட்டு எல்லையைக் காத்தன. உச்ச நிலையில் அங்கே சுமார் 17,000 பேர் இருந்தார்கள். ஆனால் நாம் சொல்ல வந்தது இந்த எண்ணிக்கையை அல்ல, அந்தப் பலம் பயன்படுத்தப்பட்ட விதத்தை.

1964-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து, அந்தப் படைகளின் சிறு குழுக்கள் எல்லையைத் தாண்டி இந்தோனேசியப் பக்கமான காலிமந்தானுக்குள்ளேயே போய், பதுங்கியிருந்து தாக்கிவிட்டுத் திரும்பின. 'கிளாரெட்' என்பது அதற்கு வைத்த இரகசியப் பெயர். எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கண்டிப்பான எல்லை உண்டு. முதலில் சில ஆயிரம் கஜம், பிறகு 10,000 கஜம். ஒவ்வொரு பயணத்துக்கும் மேலிடத்துச் சம்மதம் வேண்டும். பழகிய வீரர்களைத் தவிர மற்றவர் போகக் கூடாது. நம் ஆள் ஒருவன் உயிரோடோ பிணமாகவோ அந்தப் பக்கம் அகப்பட்டுவிடக் கூடாது. வெளியே மூச்சு விடக் கூடாது. அந்தப் படைகளின் அதிபதி ஜெனரல் வால்ட்டர் வாக்கர் இந்த விதிகளில் மகா கண்டிப்பு. பிரிட்டிஷ் சர்க்கார் இதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 1974-இல். அஃதாவது, சண்டை முடிந்து எட்டு வருஷத்துக்குப் பிறகு!

அடித்தவன் அடித்ததைச் சொல்லிக்கொள்ளாமல் ஏன் இருந்தான்? சொல்லியிருந்தால் லண்டன் பத்திரிகைகள் கொண்டாடியிருக்கும். ஆனால் ஜகார்த்தாவில் என்ன ஆகியிருக்கும்? தன் மண்ணுக்குள் அந்நியப் படை புகுந்து அடித்தது என்று உலகமறிய வெளியான பிறகு, சுகர்ணோ இறங்கி வர நினைத்தாலும் இறங்க முடியாது. பதிலுக்குப் பெரும் போர் தொடுக்க வேண்டும், அல்லது தலைகுனிய வேண்டும். மௌனம் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து விட்டு வைத்தது. அடிபட்ட தளபதிகளுக்கு மட்டும் அடி தெரிந்தது.

கடலிலும் இதே கதைதான். 1964 ஆகஸ்டு கடைசியில் 'விக்டோரியஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் சுந்தா நீரிணை வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. திரும்பி வரும்போது அதே வழியில் விடமாட்டோம் என்ற தோரணையில் இந்தோனேசியா நின்றது. போனால் யுத்தம் வரலாம். போகாவிட்டால் பயந்து ஒதுங்கினான் என்ற பெயர் வரும். கடைசியில் ஒரு வழி பிறந்தது. செப்டம்பர் 12-இல் அந்தக் கப்பல் சுந்தாவை விட்டு, கிழக்கே உள்ள லொம்பொக் நீரிணை வழியாகத் திரும்பியது. அதுவும் இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே உள்ள வழிதான். ஆகவே, போக எங்களுக்கு உரிமை உண்டு, போனோம் என்று பிரிட்டிஷார் சொல்லிக்கொள்ளலாம். சுந்தா பக்கம் வரவிடவில்லை என்று சுகர்ணோவும் சொல்லிக்கொள்ளலாம். கேட்ட விலைக்குக் கொடுத்ததாக விற்றவனும், குறைத்து வாங்கியதாக வாங்கியவனும் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளும் பேரங்களை நாம் தினமும் முடிக்கவில்லையா?

மதரஸாவில் ஓதிய எவருக்கும் இவ்விடத்தில் ஹுதைபிய்யா நினைவுக்கு வராமல் போகாது. ஹிஜ்ரி 6-இல் மக்காவுக்கு வெளியே தடுத்து நிறுத்தப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், தோழர்கள் மரத்தடியில் உறுதிமொழி கொடுத்தார்கள். பிறகுதான் குறைஷிகளின் சார்பில் சுஹைல் இப்னு அம்ரு பேச வந்தார். உடன்படிக்கையில் அல்லாஹ்வின் தூதர் என்று எழுத அவர் ஒப்பவில்லை. தோழர்கள் நெஞ்சு கொதிக்க, நாயகம் அவர்கள் அந்தச் சொல்லை எடுத்துவிடச் செய்து, தந்தையார் பெயரோடு எழுதச் சம்மதித்தார்கள். 10 வருஷச் சமாதானம் கையில் வந்தது. மறு வருஷம் உம்ராவும் நிறைவேறியது. இதற்கு மேல் விளக்கம் ஆலிம்கள் சொல்ல வேண்டியது; நாம் நம் எல்லையில் நிற்போம்.

இந்த இடத்தில் நம் சொந்தக் கதையொன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. சில வருஷங்களுக்கு முன் நம் கடை ஒரு முச்சந்தியில் வாடகைக்கு இருந்தது. கட்டடக்காரர் நம்மவரே, வயதில் மூத்தவர், மாமா என்று அழைத்துப் பழக்கம். வாடகை 1,800 வெள்ளியிலிருந்து 2,600 ஆக வேண்டும் என்றார். நமக்கும் பலம் இல்லாமல் இல்லை. இரண்டு சந்து தள்ளி வேறொரு கடையை 2,000 வெள்ளிக்கு அமைதியாகப் பேசி வைத்திருந்தோம். அதுவரை செய்தது சரி. அதன் பிறகு செய்ததுதான் புத்தி கெட்ட காரியம். சுபுஹு தொழுதுவிட்டுக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்க, "அவர் கடையை அவரே பூட்டி வைத்துக்கொள்ளட்டும், நமக்கு இடமா இல்லை?" என்று சொல்லிவிட்டோம். சொன்னது ஒரு பங்கு. அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று பங்கு. இரவு மகன் வந்தான். "மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள், அண்ணன்" என்றான். அவ்வளவுதான். அவருடைய கடை பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. முச்சந்தியில் நின்று வாங்கிப் பழகிய நம் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் சந்துக்குள் வரவில்லை. பலம் இருந்தது, அதை வைத்த இடம் தவறு.

இது நிற்க. பகை எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போம். எல்லையில் காட்டிய பலம் மட்டும் தீர்த்தது என்று சொன்னால் பொய்யாகும். இந்தோனேசியாவின் உள்வீடே ஆட்டங்கண்டது. விலைவாசி ஒரே வருஷத்தில் ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. 1965 செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு தொடங்கி, லட்சக்கணக்கான உயிர்களைப் பலி கொண்ட கொந்தளிப்பு நடந்தது. 1966 மார்ச் 11-இல் சுகர்ணோவின் அதிகாரம் ஜெனரல் சுஹார்த்தோவின் கைக்கு மாறத் தொடங்கியது. பலம் செய்த வேலை இதுதான்: அந்த நாள் வரும் வரையில் எல்லையில் ஓர் அங்குலமும் லாபம் கிடைக்காதபடி செய்து வைத்தது. மௌனம் செய்த வேலை: அந்த நாள் வந்தபோது பேச வருகிறவனுக்கு வெட்கம் இல்லாமல் செய்து வைத்தது.

பேச்சு முன்பே இரகசியமாகத் தொடங்கியிருந்தது. வெளியில் "மலேசியாவை நசுக்குவோம்" என்ற கோஷம் கேட்டுக்கொண்டிருக்கையில், சுஹார்த்தோவின் ஆளான அலி மூர்தோபோ பாங்காக்கில் வழி தேடினார். பென்னி மூர்தானி என்ற ராணுவ அதிகாரி அங்கே கருடா விமானக் கம்பெனியின் ஊழியராக உட்கார்ந்திருந்தார். மலேசியாவின் பக்கத்தில் வெளிநாட்டு அமைச்சின் நிரந்தரச் செயலாளர் கஸாலி ஷாஃபி இந்தத் தொடர்பை நடத்தினார். விமான டிக்கெட் விற்கிற மேஜையில் இரண்டு நாடுகளின் சமாதானம் உட்கார்ந்திருந்தது என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

1966 மே கடைசியில் துன் அப்துல் ரசாக் அவர்களும் ஆடம் மாலிக் அவர்களும் பாங்காக்கில் சந்தித்தார்கள். தாய்லாந்து வெளிநாட்டு அமைச்சர் தனத் கோமன் விருந்து கொடுத்து நடுவில் நின்றார். ஜூன் முதல் தேதி விஷயம் முடிந்தது. சண்டை நிற்கும், உறவு திரும்பும், சபா, சரவாக் மக்கள் பொதுத் தேர்தலின் மூலம் தங்கள் விருப்பத்தை மறுபடி உறுதி செய்ய வாய்ப்பளிக்கப்படும் என்பது உடன்பாடு. ஆகஸ்டு 11-இல் ஜகார்த்தாவில் கையெழுத்தாயிற்று.

அந்த மூன்றாவது ஷரத்தைச் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். மூன்று வருஷமாக இந்தோனேசியா கேட்டது, மக்கள் விருப்பத்தை மறுபடி அறிய வேண்டும் என்பது. ஐக்கிய நாட்டுச் சபை ஏற்கெனவே அறிந்து சொல்லிவிட்டது, இனி முடியாது என்பது மலேசியாவின் பதில். இப்போது மலேசியா கொடுத்தது என்ன? எப்படியும் நடத்த வேண்டிய தேர்தலை! சபாவில் அது 1967-இல் நடந்தது. தன் பெட்டியிலிருந்து ஒரு காசும் எடுக்காமல், எதிர்த்தரப்புக்குக் கைநிறையக் கொடுத்தாயிற்று. ஆடம் மாலிக் ஊருக்கு வெறுங்கையோடு போகவில்லை. பணத்தில் தள்ளுபடி கேட்கிற வாடிக்கைக்காரனுக்கு, எப்படியும் அனுப்ப வேண்டிய சரக்கை "உங்களுக்காக நாளைக்கே அனுப்புகிறோம்" என்று சொல்லி முடிக்கிற பேரம் இது. வென்றவன் கையில் இருக்கும்போது இதைக் கொடுப்பது எளிதன்று. பலமுள்ளவனுக்கு வருகிற பெரிய ஆசை, கடைசிக் காசு வரை கறந்துவிடுவது.

மூன்று வருஷத்தில் மலேசியா, பிரிட்டன் தரப்புப் படைகளில் மாண்டவர் 114 பேர். இந்தோனேசியத் தரப்பில் சுமார் 590 பேர் என்பது கணக்கு. அவர்களுக்கெல்லாம் தாய் தந்தையர் இருந்தனர். ஆனாலும், அதே வருஷங்களில் வியட்நாமில் நடந்ததை நினைத்தால், இது எவ்வளவு சிறிதாக முடிந்தது என்று புரியும். 1967 ஆகஸ்டு 8-இல் அதே பாங்காக்கில், அதே ரசாக்கும் ஆடம் மாலிக்கும் வேறு மூன்று நாட்டாரோடு உட்கார்ந்து ஆசியான் அமைப்பைத் தொடங்கினார்கள்.

சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். 1965 மார்ச் 10-இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் மாண்டார்கள். குண்டு வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவர் 1968 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். கருணை காட்டும்படி சுஹார்த்தோவே கேட்டும் சிங்கப்பூர் இணங்கவில்லை. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. சிறிய நாடு அன்று வளைந்திருந்தால், பிறகு ஒவ்வொரு பேச்சிலும் வளைய வேண்டியிருக்கும். ஆனால் 1973 மே மாதம் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா சென்றபோது, கலிபாத்தா மயானத்தில் அந்த இருவருடைய கல்லறைகளிலும் மலர் தூவினார். சட்டத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு கூடைப் பூவில் விட்டுக்கொடுத்தார். அதன் பிறகே சுஹார்த்தோவோடு அவருக்கு நெருங்கிய உறவு ஏற்பட்டது. இதில் எது பலம், எது பேரம் என்று தர்க்கம் செய்த சகோதரர்கள் இருவரும் தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

பாட்டனாரின் பேரேட்டில் 1966 கடைசியில் சுமத்ராப் பாக்கு மறுபடி வரவாகிறது. ஆனால் பழைய அளவுக்கு இல்லை. 1969-இல் பினாங்கின் சுதந்திரத் துறைமுக அந்தஸ்தும் போயிற்று. வெற்றுத் தாள்கள் அப்படியே இருக்கின்றன.

சென்ற நோன்புப் பெருநாளன்று நாம் துணிந்து அந்தக் கட்டடக்கார மாமாவின் வீட்டுக்கு ஸலாம் சொல்லப் போனோம். பழைய பேச்சை நாம் எடுக்கவில்லை, அவராகவே எடுத்தார். "தம்பி, 2,100-க்கு விட்டுவிடலாம் என்றுதான் அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு உங்கள் கடைக்குப் புறப்பட்டேன். வழியில் கோப்பிக்கடையில் கூப்பிட்டு, நீங்கள் சொன்னதைச் சொன்னார்கள். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்" என்றார். பிறகு வட்டலப்பத் தட்டை நம் பக்கம் நகர்த்தி வைத்தார்.